காவிரி கூறிய விடை

ஆசிரியப் பணியில் ஈடுபட்டோர் பலருக்கும் வெளியே சொல்லிக்கொள்ளாத கடன்கள் சில உண்டு. வங்கியில் வாங்கிய கடனைத் தவணை முறையில் அடைத்துவிடலாம். வகுப்பறையில் வாங்கிய கடன் அத்தகையதன்று. மாணவன் ஒருவன் கேட்ட வினாவுக்கு விடை கூறாமல் அவனை வாயடைக்கச் செய்த நாள் என்றேனும் ஒரு நாள் நம் முன் வந்து நிற்கும். அத்தகைய கடன் ஒன்று என்னைக் காவிரி நடுவே உள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் சென்ற வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

1997ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. செபராங் பிறையின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் அமைந்த தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு வகுப்பாசிரியனாக இருந்தேன். நாங்கள் வாழும் நிலப்பகுதிக்கு முன்னாளில் வெல்லெஸ்லி மாகாணம் என்ற பெயர் வழங்கியதை மாணவர் அறிவர். அந்த வெல்லெஸ்லி யார் என்பதை அவர்கள் அறியார். கெடா சுல்தானிடமிருந்து 1800ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற நிலத்துக்கு, அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய ரிச்சர்டு வெல்லெஸ்லியின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் அனுப்பிய படை சீரங்கப்பட்டணத்தை வீழ்த்தித் திப்பு சுல்தானைக் கொன்றது. இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டு, திப்புவின் கதையை உணர்ச்சி பொங்கக் கூறினேன். சுற்றிலும் ஆறு, நடுவே கோட்டை, கோட்டைக்குள் வீரன், வீரனின் அருகே துரோகி என்று கரும்பலகையில் படம் வரைந்தே சொன்னேன். "துரோகம் கதவைத் திறந்தது, கோட்டை வீழ்ந்தது" என்று முடித்தபோது வகுப்பு அமைதியில் ஆழ்ந்திருந்தது.

அந்த அமைதியில் ஒரு கை உயர்ந்தது. தோட்டத்தின் எல்லையில், கிரியான் ஆற்றில் சென்று கலக்கும் சிற்றாற்றின் கரையில் குடியிருந்த மாணவன் அவன். படிப்பில் நடுத்தரம், பேச்சில் அதனினும் குறைவு. "ஐயா, கோட்டையைச் சுற்றி ஆறு இருந்ததே, அவர்கள் எப்படி வந்தார்கள்?" என்று கேட்டான்.

"கடந்து வந்தார்கள்" என்றேன்.

"நீந்தியா ஐயா? படகிலா? பீரங்கியை எல்லாம் வைத்துக்கொண்டு..."

வகுப்பு சிரித்தது. நான் கட்டியெழுப்பிய உணர்ச்சி மாளிகை ஒரு நொடியில் சரிந்தது. எனக்கு விடை தெரியவில்லை என்பதைவிட, என் கதை கெட்டுவிட்டது என்ற எரிச்சலே மேலோங்கியது. "வேண்டாத கேள்வி கேட்கிறாய். மணி அடிக்கும் வரை நின்றுகொண்டிரு" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; நான் கையமர்த்திவிட்டேன். நின்றான். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவன் கை மீண்டும் உயர்ந்ததை நான் கண்டதில்லை.

ஆண்டுகள் உருண்டன. பள்ளிகள் மாறினேன், தலைமையாசிரியர் பொறுப்பும் வந்தது. இளம் ஆசிரியர்களுக்கு வினாவும் கலையைப் பற்றிப் பயிலரங்குகளில் பேசும் வாய்ப்பும் கிட்டியது. "மாணவன் வினவும்போதுதான் கற்றல் தொடங்குகிறது" என்று பேசி முடித்துக் கைத்தட்டல் பெற்று அமரும் ஒவ்வொரு முறையும், நின்றுகொண்டிருந்த அந்தச் சிறுவனின் உருவம் மனக்கண்முன் தோன்றும். 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது மைசூர் செல்ல வாய்த்தது. துணைவியார் மைசூர் அரண்மனையைக் காண விரும்பினார். நான் சீரங்கப்பட்டணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காரணத்தை அவரிடமும் கூறவில்லை.

மைசூரிலிருந்து சீரங்கப்பட்டணம் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவு. மேற்கிலிருந்து வரும் காவிரி இங்கு இரு கிளைகளாகப் பிரிந்து, ஒரு நிலத்தை அணைத்துக்கொண்டு ஓடி, கிழக்கே மீண்டும் ஒன்றாகிறது. அவ்வாறு அணைக்கப்பட்ட தீவு ஏறத்தாழ 5 கி.மீ. நீளமும், அகன்ற இடத்தில் ஒன்றரை கி.மீ. அகலமும் உடையது. தீவின் மேற்கு முனையில் கோட்டை இருக்கிறது. 1610ஆம் ஆண்டில் இராச உடையார் விசயநகரப் பேரரசின் பிரதிநிதியிடமிருந்து இதைக் கைப்பற்றியது முதல் 1799 வரை, இடையிட்ட மாற்றங்கள் எத்தனை நேர்ந்தாலும், மைசூர் நாட்டின் தலைநகர் இதுவே. 1761இல் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் இத்தீவிலிருந்தே ஆண்டனர்.

எங்கள் மகிழுந்து ஆற்றுப் பாலத்தின்மீது ஏறியதும் நான் ஆவலோடு வெளியே பார்த்தேன். என் உள்ளம் சோர்ந்தது. நான் கரும்பலகையில் வரைந்த ஆறு கரைபுரண்டு ஓடியது. என் கண்முன் கிடந்த ஆறோ பாறைக்கூட்டமாக இருந்தது. பாறைகளுக்கிடையே நாணலும் புதரும் மண்டியிருந்தன. ஆங்காங்கே நீர் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, மாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றின் நடுவில் நடந்து சென்றார்.

"இதுதானா காவிரி?" என்றார் துணைவியார்.

ஓட்டுநர் கொள்ளேகாலத்தைச் சேர்ந்தவர். தமிழ் நன்கு பேசினார். "இன்னும் குடகில் மழை இறங்கவில்லை அம்மா. மழை இறங்கி அணையும் திறந்துவிட்டால், நீங்கள் பார்க்கிற பாறை ஒன்றும் தெரியாது. இந்தப் பாலத்தில் நிற்கவே பயமாக இருக்கும்" என்றார். அவர் கூறிய சொற்களின் பொருள் அப்போது எனக்கு முழுமையாக எட்டவில்லை.

முதலில் அரங்கநாதர் கோயிலுக்குச் சென்றோம். கங்கர் காலத்தில் தோன்றி, போசளராலும் விசயநகர மன்னராலும் விரிவாக்கப்பட்ட கோயில் இது. காவிரியின் தீவுகளில் பள்ளிகொண்ட அரங்கன் மூவர் என்பது மரபு. இங்குள்ளவர் ஆதி அரங்கர். சிவசமுத்திரத்தில் உள்ளவர் நடு அரங்கர். நம் திருவரங்கத்தில் உள்ளவர் கடை அரங்கர். கோயிலை விட்டு வெளியே வந்து சிறிது தொலைவு நடந்தால், திப்புவின் அரண்மனையாகிய லால் மகால் இருந்த இடம் வருகிறது. அங்கு இன்று எஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே. வெற்றி பெற்றோர் அதை இடித்துவிட்டனர். அதன் மரத்தூண்களும் உத்தரங்களும் மலையேறி, உதகமண்டலத்துத் தூய ஸ்டீபன் தேவாலயக் கட்டுமானத்துக்குப் பயன்பட்டன. அரசரின் வீடும் ஆண்டவனின் கோயிலும் கூப்பிடு தொலைவில் இருந்தன என்பதைக் கண்ணால் கண்டபோது வியப்பு மேலிட்டது. அக்கோயிலுக்குத் திப்பு வழங்கிய வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

கோட்டையின் கிழக்கே இரு மினாராக்களுடன் உயர்ந்து நிற்கிறது திப்பு எழுப்பிய பள்ளிவாசல். அதைக் கடந்து கோட்டைக்கு வெளியே வந்தால் தரியா தௌலத் தோட்டம். ஆற்றங்கரையில் 1784இல் திப்பு கட்டிய கோடை மாளிகை இது. பெரும்பகுதி தேக்கு மரத்தால் ஆனது. வெயில் உள்ளே புகாதவாறு நாற்புறமும் பச்சைத் திரைகள் தொங்குகின்றன. திரையை விலக்கி உள்ளே நுழைந்தால், மேற்குச் சுவர் முழுவதும் போர்க்கள ஓவியம். யானைகளும் குதிரைகளும் வரிசை வரிசையாக அணிவகுக்கின்றன. திப்பு ஒரு மலரை முகர்ந்தபடி யானைமீது அமைதியாக வருகிறார். எதிர்ப்பக்கம், சதுரமாக அணிவகுத்த ஆங்கிலப் படையின் நடுவே வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. பல்லக்கில் அமர்ந்த தளபதி பெய்லி திகைப்பினால் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போர் நிகழ்ந்த இடம் தமிழாசிரியர்கள் அறிந்த ஊர். ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிய ஊர், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரேயாகும். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் சாளுக்கியரோடு பொருத அதே களத்தில், ஓராயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10இல் ஐதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினர். இந்தியாவில் கம்பெனி அதுவரை கண்ட தோல்விகளுள் இது மிகப் பெரியது. மைசூர்ப் படையினர் ஏவிய இரும்புக்குழல் ஏவுகணைகள் ஆங்கிலேயரை அச்சுறுத்தியவை. பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் உருவாக்கிய ஏவுகணைகளுக்கு அவையே முன்மாதிரி. அந்த ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். நான் வகுப்பில் கூறிய கதையின் திப்பு அதில் இருந்தார். குறையொன்றும் இல்லாத, தோல்வியறியாத திப்பு.

ஆயினும் அதே மாளிகையில் தொங்கிய வேறொரு வரலாறும் உண்டு. 1792இல் காரன்வாலிஸ் படையெடுத்து வந்து தீவுக்குள் புகுந்தபோது, திப்பு தம் நாட்டில் பாதியைக் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார். திண்டுக்கலும், சேலத்தையும் தருமபுரியையும் உள்ளடக்கிய பாராமகாலும் அன்று கைமாறின. என் பாட்டனார் சேலத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். அவர் ஊர் கம்பெனியின் கைக்குச் சென்றது இந்தத் தீவில் எழுதப்பட்ட ஒரு தாளினால் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பணம் முழுவதும் செலுத்தப்படும் வரை திப்புவின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். ஒருவருக்கு ஏறத்தாழப் பத்து வயது, மற்றவருக்கு எட்டு. நம் கணக்கில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவர்கள் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு இரண்டாண்டுகள் கழித்தே தந்தையிடம் திரும்பினர். போர்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் பிணைக்கைதி என்ற சொல்லை எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பள்ளி நடத்தும் ஒருவனுக்கு அச்சொல்லை அங்கே கடந்து செல்வது எளிதாக இல்லை.

பிறருடைய பிள்ளைகளும் இத்தீவில் துயருற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. 1784இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் பல்லாயிரவர், குழந்தைகளோடும் முதியோரோடும், காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்டு இங்குச் சிறை வைக்கப்பட்டனர். வழியிலேயே மாண்டோர் பலர். குடகு நாட்டவரும் இவ்வாறே பிடித்துவரப்பட்டனர். அந்நியரை எதிர்த்துக் களத்தில் மாண்ட மன்னர் என்று திப்புவைப் போற்றுவோர் இருக்கின்றனர். இக்கொடுமைகளை நினைந்து வருந்துவோரும் இருக்கின்றனர். இரு சாராரிடமும் சான்று இருக்கிறது. கதை கெட்டுவிடுமே என்று அஞ்சி ஒரு பாதியை மறைக்கும் ஆசிரியன், மாணவனுக்கு வரலாற்றைக் கற்பிக்கவில்லை. நான் 1997இல் செய்தது அதுவே.

நண்பகலுக்கு முன் கும்பசை அடைந்தோம். ஐதர் அலிக்காகத் திப்பு எழுப்பிய கல்லறை மாளிகை அது. பளபளக்கும் கருங்கல் தூண்கள் 36 அதைச் சுற்றி நிற்கின்றன. தந்தம் பதித்த கதவுகள், பின்னாளில் டல்ஹௌசி பிரபு அளித்தவை. உட்சுவர்களில் புலிவரி வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. ஐதர், அவர் துணைவியார், திப்பு ஆகிய மூவரும் அருகருகே துயில்கின்றனர். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு, பல சமயத்தவரும் ஓசையின்றி உள்ளே சென்று திரும்பினர்.

தீவின் கிழக்கு முனையில் இரு கிளைகளும் ஒன்று சேரும் சங்கமத்தில் நீராடிவிட்டு உணவருந்தினோம். நீராடல் என்று எழுதுகின்றேனே தவிர, நீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. சிறுவர்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாறைகளின்மேல் தாவி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், திடுக்கிட்டு எழுந்தேன். "மீண்டும் கோட்டைக்குப் போகவேண்டும்" என்றேன். துணைவியார் என்னை வியப்போடு நோக்கினார்; மறுக்கவில்லை.

பிற்பகல் வெயிலில் கோட்டையின் வடபுறத்துக்குச் சென்றோம். ஆற்றை ஒட்டிய மதிலின் அடியில், செங்கல்லால் வளைவு வளைவாகக் கட்டப்பட்ட நிலவறை ஒன்று இருக்கிறது. பெய்லியின் பெயரால் அது வழங்குகிறது. சுவரிலிருந்து நீண்டிருக்கும் கற்பலகைகளில் துளைகள் உள்ளன. கைதிகளைச் சங்கிலியால் பிணைப்பதற்கு அமைந்தவை என்பர். புள்ளலூரில் பிடிபட்டோருள் டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். 1780 முதல் 1784 வரை, மூன்றாண்டுகளுக்கு மேல், அவர் இத்தீவில் சிறையிருந்தார். 1799இல் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை ஏற்க முன்வந்தவரும் அவரே. ஆற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே சிறையில் ஆண்டுகளைக் கழித்தவருக்கு, அது எப்போது பெருகும், எப்போது வற்றும் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கிருந்து மேற்கே நடந்து, மதில் உடைக்கப்பட்ட வடமேற்கு மூலையை அடைந்தோம். நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. கீழே காவிரி. அகலமான ஆறுதான், ஆனால் கரையிலிருந்து கரை வரை பாறை. என் மாணவனின் வினாவுக்குரிய விடை அங்கே விரிந்து கிடந்தது.

1791ஆம் ஆண்டு மே மாதத்திலேயே காரன்வாலிஸ் இத்தீவின் அருகே வந்துவிட்டார். மே 15இல் அரகெரேயில் நடந்த போரில் வெற்றியும் பெற்றார். ஆனால் மழை தொடங்கிவிட்டது. ஆறு பெருகியது, வண்டி மாடுகள் மடிந்தன, உணவு தீர்ந்தது. வென்ற தளபதி, தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்தெறிந்துவிட்டுப் பின்வாங்கினார். அன்று திப்புவைக் காத்த பெரும்படை காவிரியும் மழையுமே. ஆங்கிலேயர் அப்பாடத்தை மறக்கவில்லை. 1799இல் ஹாரிஸ் தலைமையில் வந்த படை ஏப்ரல் தொடக்கத்திலேயே கோட்டையின்முன் பாசறை அமைத்தது. மழைக்கு முன் கோட்டை விழவேண்டும். இல்லையேல் பட்டினியே கதி. அவர்களிடமும் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் இருந்தோருக்கோ, மழை வரும் வரை தாக்குப்பிடித்தால் போதும். இரு தரப்பும் வானத்தை நோக்கியபடியே போரிட்டன எனலாம்.

மே 4ஆம் நாள், காவலர் உண்டு இளைப்பாறும் பிற்பகல் வேளையில், 4,000க்கு மேற்பட்ட படைவீரர் அகழியிலிருந்து எழுந்து ஆற்றில் இறங்கினர். நீந்தவில்லை, படகும் இல்லை. சில இடங்களில் கணுக்காலளவும் சில இடங்களில் இடுப்பளவும் இருந்த நீரில், பாறைகளை மிதித்து நடந்தே கடந்தனர். பீரங்கிகள் ஆற்றைக் கடக்கவே இல்லை. அவை அக்கரையில் நின்றபடியே மதிலில் வழியைத் திறந்துவிட்டிருந்தன. சில நிமிடங்களில் அவர்கள் கொடி மதிலின் உடைப்பில் ஏறியது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வடபுற மதிலை ஒட்டிய வாயிலருகே, குவிந்து கிடந்த உடல்களுக்கிடையே, தீவட்டி வெளிச்சத்தில் திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. மறுநாள், மே 5ஆம் நாள் மாலை, அவரைத் தந்தையின் அருகே அடக்கம் செய்தனர். அன்றிரவு இடியும் மின்னலுமாகப் பெரும் புயல் மழை கொட்டியது. அந்த மழையைப் பற்றி ஆங்கிலப் படை அதிகாரிகளே எழுதி வைத்துள்ளனர். எதிர்பார்த்திருந்தவர் மறைந்த மறுநாள் வானம் திறந்தது.

அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகம் என்பது காலங்காலமாக வழங்கும் செய்தி. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த ஒன்றையே நான் விடையாகக் கொடுத்ததுதான் பிழை. திருக்குறளில் காலமறிதல் என்னும் அதிகாரத்துக்கு அடுத்து இடனறிதலை வைத்தார் வள்ளுவர். அவ்விரண்டையும் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றேன். அவை ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இடத்தால் வலிமை பெற்ற கோட்டை, காலம் மாறும்போது அவ்வலிமையை இழக்கிறது. ஆண்டில் சில மாதம் அரணாக நிற்கும் ஆறு, சில மாதம் பாதையாகக் கிடக்கிறது. நான் வரைந்த படத்தில் இடம் இருந்தது, காலம் இல்லை. இன்று மேலே கிருட்டிணராச சாகர் அணை நீரைத் தேக்கியும் திறந்தும் விடுவதால் ஆற்றின் போக்கு முன்போல் இல்லை என்பது உண்மையே. எனினும், கோடையில் வற்றிய காவிரியைக் கண்ணால் காணாமல் எனக்கு இது விளங்கியிராது.

போருக்குப்பின் இத்தீவின் ஆட்சித் தலைவராக அமர்ந்து, தரியா தௌலத் மாளிகையில் குடியிருந்தவர் தலைமை ஆளுநரின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி. அவர் 1797இல் நம் பினாங்குத் தீவுக்கும் வந்து சென்றவர். திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806இல் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தலைநகர் மைசூருக்கு மாறியது, தீவு சிற்றூராயிற்று. அடுத்த ஆண்டு, நெடுந்தொலைவில், கடலுக்கு இக்கரையில், ஒரு நிலத்துக்கு வெல்லெஸ்லியின் பெயர் வந்தது. அந்நிலத்தில் பிறந்து, அந்நிலத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன், கதையின் முதற்பக்கத்தைப் படிக்க 26 ஆண்டுகள் கழித்து வந்து நின்றேன். அங்கேதான், மதிலின்மேல் அமர்ந்து, துணைவியாரிடம் அம்மாணவனைப் பற்றிக் கூறினேன்.

"அந்தப் பையன் இப்போது எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவன் இருப்பிடத்தை அறிவது கடினமாக இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்குந்து ஓட்டுகிறார். ஊர் திரும்பிய சில வாரங்களில், முன்னாள் மாணவர் ஒருவரின் திருமண விருந்தில் அவரைக் கண்டேன். மனைவியையும் மகளையும் அறிமுகப்படுத்தினார். தனியே அழைத்துச் சென்று, நான் கண்டதையெல்லாம் சொன்னேன்: வற்றிய ஆறு, மே மாதம், பாறைகள், நடந்து கடந்த படை. "அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. நான் அன்று உங்களை நிற்க வைத்தது தவறு" என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புன்னகை செய்தார். "நின்றது நினைவிருக்கிறது ஐயா" என்றார். "வீட்டுக்குப் பின்னால் சிற்றாறு இருந்ததல்லவா? கடலில் நீர் இறங்கும் வேளையில் அதில் நாங்கள் நடந்தே அக்கரைக்குப் போய்விடுவோம். நீர் ஏறிவிட்டால் பெரியவர்கள்கூட இறங்கமாட்டார்கள். அங்கும் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று சொல்ல வந்தேன். நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள்."

ஆசிரிய நண்பர்களே, நான் கடல் கடந்து சென்று கண்டு வந்த விடை, 1997ஆம் ஆண்டிலேயே என் வகுப்பறையில், மூன்றாம் வரிசையில், எழுந்து நின்றுகொண்டிருந்தது. மணி அடிக்கும் வரை நான் அதை நிற்க வைத்திருந்தேன்.

விடைபெறும்போது அவர் மகள் தந்தையின் கையை இழுத்து, "அப்பா, அந்த ஆறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அருகில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளை எதிரே அமரச் செய்து, நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.